மடியில் கனமும் வழியில் பயமும்: சேதுப் பாதையில் ஒரு தேடல்

“மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.” வருமான வரிச் சோதனை நடந்த வீட்டு வாசலில் செய்தியாளர்கள் மைக்கை நீட்டினால், கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் சொல்கிற பதில் இது. நான் தப்புத் தண்டா எதுவும் செய்யவில்லை என்பது இன்று இதன் பொருள். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டால் வேறொரு காட்சி தெரிகிறது. மடி என்பது வேட்டியின் இடுப்பு மடிப்பு. வழிநடையாகப் போகிறவர்கள் காசை அதில்தான் முடிந்துகொண்டார்கள். கனம் அந்தக் காசு. வழி, நாள் கணக்கில் நடந்தாக வேண்டிய வழி. பயம், இருட்டுவதற்குள் அடுத்த மடத்தைப் போய்ச் சேர முடியுமா என்ற பயம்.

இந்த மாதிரி ‘வழி’ச் சொற்கள் தமிழில் ஏராளம். வழித்துணை, வழிச்செலவு, வழிப்பறி, வழிப்போக்கன், வழியனுப்புதல், சுமைதாங்கி, சத்திரத்துச் சோறு, இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான். எல்லாமே இப்போது உவமைகளாகிவிட்டன. இவை உவமையாகாமல் நேர்ப் பொருளில் புழங்கிய ஒரு பாதையைப் பிடித்து, அந்தப் பாதையின் ஆவணங்களில் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழமொழித் தொகுப்புகளில் தொடங்கினேன். பீட்டர் பெர்சிவல் 1874-ல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அகர வரிசையில் இருக்கின்றன. ஹெர்மன் ஜென்சன் 1897-ல் பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். அரிய உழைப்பு. ஆனால் எந்த ஊரில், எந்தச் சாலையில், யார் வாயில் கேட்டது என்று பழமொழியின் முகவரியை அவர்கள் குறித்துவைக்கவில்லை. பழமொழிக்குப் பொருள் கிடைக்கிறது, ஊர் கிடைக்கவில்லை.

ஊர் தேடும்போது கை தானாகவே இராமேசுவரத்தைத்தான் தொட்டது. “இராமேசுவரம் போயும் சனீசுவரன் விடவில்லை” என்று நொந்துகொள்ளாத தமிழ்க் குடும்பம் உண்டா? தென்னாட்டில் இவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு பேர், இத்தனை நூற்றாண்டுகள் நடந்து வந்த வேறொரு பாதையைக் காட்டுவது கடினம். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்து, சேது மணலை எடுத்துக்கொண்டு வடக்கே திரும்புகிறவர்கள் இந்த வழியில்தான் நடந்தார்கள். உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி, திருப்புல்லாணி, சேதுக்கரை பார்த்து, மண்டபம் தோணித்துறையில் தோணி ஏறிப் பாம்பனில் இறங்குவது கிழக்குக் கரையோரம் வந்தவர்களின் முறை. மதுரையிலிருந்து வந்தவர்கள் மானாமதுரை, பரமக்குடி வழியே வைகையை ஒட்டி நடந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வழியைக் காப்பதையே தன் பட்டப் பெயராக வைத்துக்கொண்டு ஓர் அரசு நடந்த இடம் இது. சேதுபதி என்ற பெயரே சேதுவுக்குத் தலைவர் என்பதுதான்.

சேதுபதிகளின் செப்பேடுகளை இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் தொகுத்துத் தந்திருக்கிறார். பர்கெஸும் நடேச சாஸ்திரியும் 1886-ல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியிலும் சில உள்ளன. ஒரு சேதுபதி செப்பேட்டை வாசிப்பதற்குப் பொறுமை வேண்டும். முதலில் சாலிவாகன சகாப்த ஆண்டு, தமிழ் ஆண்டு, மாதம், நாள். பிறகு விருதுகள். வரி வரியாக நீளும் அந்தப் பட்டியலில் ‘சேது காவலன்’, ‘சேது மூல ரட்சா துரந்தரன்’, ‘தொண்டியந்துறைக் காவலன்’, ‘தாலிக்கு வேலி’ என்றெல்லாம் வரும். அதற்குப் பிறகே கொடைச் செய்தி. இன்ன ஊர், இன்ன காரியத்துக்கு. கடைசியில் தர்மத்தைக் காத்தவருக்குக் கிடைக்கும் புண்ணியமும், கெடுத்தவருக்கு வரும் பாவமும். கங்கைக் கரையிலும் சேதுவிலும் காராம்பசுவைக் கொன்ற தோஷம் வந்து சேரும் என்ற எச்சரிக்கை அக்காலச் செப்பேடுகளில் வழக்கமானது.

அவசரக்காரர்கள் தாவிப் போய்விடும் ஒரு பகுதி நடுவில் இருக்கிறது: நான்கெல்லை. கிழக்கே இன்ன கண்மாய், மேற்கே இன்ன பனை, வடக்கே இன்ன ஊருக்குப் போகிற பாதை. தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை சொல்லும்போது எழுத்தர் தன்னையறியாமல் அன்றைய நடைபாதைகளையும் எழுதிவைத்துவிடுகிறார். பாதைக்கென்று யாரும் செப்பேடு வெட்டுவதில்லை. ஆனால் பாதையை ஒட்டிய வயலுக்கும் தோப்புக்கும் வெட்டியிருக்கிறார்கள். அந்த எல்லைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கோத்தால், அழிந்துபோன வழி துண்டு துண்டாக மேலே வருகிறது. பத்திர எழுத்தர்கள் இன்றும் ‘வண்டிவாசி போகவர மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுகிறார்களே, அந்த வாசகத்தின் மூதாதையர் இந்த எல்லை வரிகள்தான். என் தேடலில் எனக்கு மிகவும் உதவிய பகுதி இது. இன்னும் யாரும் முழுதாகத் தோண்டாத சுரங்கமும் இதுவே என்று நினைக்கிறேன்.

வழியில் பயம் எப்படி இருந்தது? ஜே.எச். நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்றில் சேதுபதி அரசு தொடங்கிய கதையைச் சொல்கிறார். மதுரையில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். இராமேசுவரத்துக்குப் போகிற வழி கொள்ளையருக்கு வேட்டைக்காடாக இருந்தது. யாத்திரை வந்தவர்கள் மதுரையில் வந்து முறையிட்டார்கள். நாயக்கரின் குரு இராமேசுவரம் போக விரும்பியபோது, போகலூர்ச் சடைக்கத் தேவர் அவருக்கு வழித்துணையாகப் போய், தரிசனம் செய்வித்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பரிசாக 1605-ஐ ஒட்டி அவருக்குச் சேதுபதிப் பட்டம் கிடைத்தது. யாத்திரை வழியைக் காக்கும் பொறுப்பும் கூடவே வந்தது. கதையில் குருவை மிகைப்படுத்தியிருக்கலாம், அரசியல் கணக்கை மறைத்திருக்கலாம். மறவர் சீமையில் தனக்கு நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்பது நாயக்கரின் தேவையாகவும் இருந்திருக்கும். ஆனாலும் ஓர் அரச மரபு தன் பிறப்பை ஒரு போர் வெற்றியில் வைக்காமல் ஒரு வழித்துணையில் வைத்துச் சொல்லிக்கொண்டது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். அந்தப் பெயரை வடமொழியில் மார்க்கபந்து என்று பிள்ளைகளுக்கு இட்ட நாட்டில், துணை போனவனுக்கு அரசு கிடைத்ததில் வியப்பில்லை.

காவல் என்ற சொல்லும் அன்றைக்கு வெறும் பெருமைச் சொல்லாக இருக்கவில்லை. தென் மாவட்டங்களில் ஊருக்கு ஸ்தலக் காவல், வட்டாரத்துக்குத் திசைக் காவல் என்று முறைகள் இருந்தன. காவலுக்குத் தானியமாகவோ பணமாகவோ கூலி உண்டு. காவல் எல்லைக்குள் பொருள் களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் காவற்காரன் ஈடு கட்ட வேண்டும். களவுபோன மாடு எங்கே நிற்கிறது என்று சொல்பவனுக்குத் துப்புக்கூலி. அதாவது வழியில் உள்ள பயத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை யார் தருவது என்பதற்கு ஒரு கணக்கும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காவல் உரிமைகளை ஒழித்தது. அந்த முறையில் கொடுமைகளும் இருந்தன, காவற்காரனே கள்வனாவதும் நடந்தது. ஆனால் களவுபோன பொருளுக்குக் காவலுக்கு நின்றவனே பொறுப்பு என்ற கொள்கை அதோடு போய்விட்டது. அது இழப்புதான்.

இந்த இடத்தில் பாம்பன் தீவின் இரண்டு ஊர்ப் பெயர்கள் நம்மை நிறுத்துகின்றன. பாம்பனிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் முதலில் அக்காள்மடம், அடுத்துத் தங்கச்சிமடம். பேருந்தில் போகிறவர்கள் யாரோ இரண்டு சகோதரிகள் கட்டிய மடம்போல என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் வழங்கும் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட விஜயரகுநாத சேதுபதி, தன் பெண்கள் இருவரையும் தண்டத் தேவர் என்பவருக்குக் கட்டிக்கொடுத்து, அவரை இராமேசுவரப் பகுதியின் ஆளுநராக்கியிருந்தார். பாம்பன் கடல்துறையைக் கடந்து வரும் யாத்திரிகர்களிடம் மருமகன் துறைப்பணம் வசூலித்தார். சேதுவுக்கு வருகிறவனிடம் வழியில் காசு பறிப்பது சிவத் துரோகம் என்று மாமனார் அவருக்கு மரண தண்டனை விதித்தார். மனைவியர் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அக்காள் தீப்புகுந்த இடத்தில் ஒரு மடம், தங்கை தீப்புகுந்த இடத்தில் ஒரு மடம்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இந்தக் கதையின் ஒவ்வொரு நூலையும் இழுத்துப் பார்க்க வேண்டியது என் கடமை. தண்டனைக்குப் பின்னால் அரண்மனைப் பூசல் இருந்திருக்கலாம். இரண்டு பெண்கள் எரிந்ததைப் புண்ணியமாக மட்டும் பேசும் கதை எனக்கு உடன்பாடும் அல்ல. அந்தப் பெண்களின் பெயர் ஊர்ப் பெயரில் இல்லை, உறவுமுறை மட்டுமே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழியில் போகிறவனின் மடியில் கை வைத்தவன் அரசனின் மருமகனே ஆனாலும் தப்ப முடியாது என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பைத்தான் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு ஊர்ப் பெயர்களில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இன்று தங்கச்சிமடம் மல்லிகைப் பதியன்களுக்கும் மீன்பிடிக்கும் பேர்போன ஊர். அங்கே மல்லிகை நாற்று வாங்க வெளியூரிலிருந்து வரும் வியாபாரிக்கு இந்தக் கதை தெரிய வேண்டிய அவசியமில்லை. பெயர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

கொள்ளைப் பயம் ஒரு பக்கம். பசி இன்னொரு பக்கம். மடியில் காசே இல்லாமல் கிளம்பியவன் எப்படி இராமேசுவரம் வந்து சேர்ந்தான்? இதற்கு விடை இராமநாதபுரத்து ஆவணங்களில் பாதியும் தஞ்சாவூர் ஆவணங்களில் பாதியுமாகக் கிடக்கிறது. 1910-ல்தான் இராமநாதபுரம் தனி மாவட்டமானது; அதற்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பெயரில் உள்ளன. சாலையோ மாவட்டக் கோட்டைப் பார்த்து வளைவதில்லை. ஆகவே சேதுப் பாதையைத் தேடுகிறவர் தஞ்சைக்குப் போகாமல் முடியாது.

அங்கே கிடைத்த ஒரு கடிதத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1799 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி தஞ்சை நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு எஞ்சியது கோட்டையும் அரண்மனையும் பட்டமும். இராமேசுவரம் போகும் சாலையில் அவருடைய முன்னோர் வைத்த சத்திரங்கள் அப்போது ஆபத்தில் இருந்தன. அவற்றைத் தன் பொறுப்பில் விட்டுவிடுமாறு 1801 ஜனவரி 28 அன்று தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஆட்சி இழந்த ஓர் அரசன் எதற்காகக் கெஞ்சுகிறான் என்று பார்த்தால் அந்தக் கடிதத்தின் கனம் புரியும்.

சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அதில் அடுக்கிச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, யோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் எனப் பாதையில் வருகிற எல்லாருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவு வரை சோறு போடுகிறார்கள். நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைக்கிறார்கள். நோயுற்று நடக்க முடியாமல் போனவர்களுக்கு அங்கேயே வைத்தியமும் பத்தியமும், உடம்பு தேறும் வரை தங்கலும். விஷக்கடிக்கு மருந்து தெரிந்த வைத்தியர் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால். வழியில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கொடுத்து, மூன்று மாதம் வரை சத்திரத்தில் இருக்கவிடுகிறார்கள். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறும் துணியும் நாலு நாளுக்கு ஒரு முறை எண்ணெயும் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். இறந்துபோனவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி இறுதிக் கடன்.

அந்த நள்ளிரவு மணியை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். ‘சத்திரத்துச் சாப்பாடு, மடத்துத் தூக்கம்’ என்று ஊர்சுற்றியைத் திட்டுகிறோமே, அந்தத் திட்டு ஏளனமாவதற்கு முன்னால் ஒரு நிர்வாகமாக இருந்தது. அதற்கு நெல் வந்த ஊர் உண்டு, கணக்கெழுதியவர் உண்டு, மணி அடித்தவர் உண்டு. தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்தும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் தமிழாக்கம் பெற்றிருக்கும், மோடி எழுத்தில் அமைந்த மராத்தி ஆவணங்களில் இத்தகைய சத்திரக் கணக்குகளைப் பார்க்கலாம். எல்லாம் சமத்துவமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பந்தி தனித்தனி, சமையல் தனித்தனி. சாதி சத்திர வாசலோடு நின்றுவிடவில்லை. ஆனால் யாரும் பட்டினியாக அடுத்த ஊருக்கு நடக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது.

நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடியிலும் மீமிசலிலும் இருந்த சத்திரங்கள் என்று பெயர்களை வரைபடத்தில் குறித்துக் கோடு இழுத்தால், கோடு நேராக உப்பூரையும் தேவிபட்டினத்தையும் நோக்கி வருகிறது. அங்கிருந்து சேதுபதிகளின் சத்திரங்களும் மடங்களும் யாத்திரிகனை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு அரசுகள், இரண்டு மொழிக் கணக்குகள், ஒரே சோற்றுப் பாதை. ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்ற பழமொழிக்கும் இங்கே அர்த்தம் கூடுகிறது. மானியம் விடப்பட்ட மடத்தைத் தங்க வந்தவன் தன் சொத்தாக்கிக்கொள்வது வெறும் கற்பனைப் பயமல்ல. தர்மத்துக்கு விட்ட நிலம் தனியார் கைக்குப் போன வழக்குகள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் நடக்கின்றன.

பிள்ளைத்தாய்ச்சிக்கு மூன்று மாதம் என்று கடிதத்தில் படித்தபோது, சாலையோரத்துச் சுமைதாங்கிகளை நான் பார்த்த பார்வை மாறியது. நட்டுவைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு பலகைக் கல், தோள் உயரம். தலைச்சுமைக்காரன் யார் கையும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து மூச்சுவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமையை ஊரார் இறக்கிவைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்தவரைச் ‘சுமைதாங்கி’ என்கிறோம். அந்தக் கல்லுக்குப் பின்னால் பிள்ளையைச் சுமந்தபடியே போன ஒரு பெண் இருக்கலாம் என்பதை அறிந்துதான் சொல்கிறோமா? அரசு ஆவணம் சத்திரத்தில் பிழைத்தவளைக் குறித்தது. பிழைக்காதவளை ஊர் கல்லில் குறித்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பாதை முழுதாகத் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே பாதையில் இன்னொரு கூட்டம் நடந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன கூலிகள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். சேதுவுக்கு வந்தவனுக்கு வழியெங்கும் சத்திரம் இருந்தது. கண்டிச் சீமைக்குப் போனவனுக்கு, வடபாதை எனப்பட்ட அந்தக் காட்டு வழியில் காய்ச்சலும் பேதியும் காத்திருந்தன. இறந்தவர் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை.

வழிச்செலவு என்ற சொல் இங்கே முகம் மாறுகிறது. யாத்திரிகனுக்கு வழிச்செலவு பிறர் கொடுக்கும் தர்மம். மகளைப் புக்ககத்துக்கு அனுப்பும்போது தாய் கையில் வைத்து அழுத்தும் காசு. கூலிக்கோ அது, ஆள் திரட்டிய கங்காணி எழுதிவைத்த கடன். ஊரில் கொடுத்த முன்பணமும் பயணச் செலவும் அவன் பெயரில் ஏறி, தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவனைக் கட்டிப்போட்டன. 1901-ஐ ஒட்டி வந்த தகர வில்லை முறையில், தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டு கூலியின் உடம்பில் தொங்கியது. வழியில் ஆகும் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கான அடையாளம் அது. கடனோடு ஆளைக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. கூலிகளைத் தடுத்துவைத்துச் சோதிக்க மண்டபத்தில் கட்டிய முகாமின் பெயர் இன்றும் ரயில் நிலையப் பலகையில் மண்டபம் கேம்ப் என்று நிற்கிறது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத் தமிழர்களைத் தங்கவைத்ததும் அதே முகாமில்தான். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள், மடியில் காசே இல்லாமல் கடனைச் சுமந்து, பயந்து பயந்து போனார்கள். இந்தப் பழமொழி பொய்த்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் மண்டபத்தைக் காட்டுவேன்.

ரயில் கதையை எல்லாரும் அறிவார்கள்; சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தது, போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். தோணித்துறையில் தோணிக்காரர்களின் காலம் முடிந்தது. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிப் போனவர்களில் ஒருவர் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் என்பதைக் கலாம் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்தப் படகும் ஒரு புயலில் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்தத் தோட்டக் கூலிகளின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. எட்டு வாரம் கழியவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது; பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. பாட்டன் எந்த வழியாகப் போனாரோ, பேரன் திரும்ப அந்த வழியே இல்லாமல் போனது. அவர்கள் ராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். ‘தடம் புரண்டது’ என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்தது ரயில். இந்தக் கரையில் வயதானவர்களிடம் பேசும்போது அந்தச் சொல்லைச் சற்று யோசித்தே பயன்படுத்துகிறேன்.

1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2017-ல் தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. 2025 ஏப்ரல் 6-ல் புதிய ரயில் பாலம். மதுரையில் காலையில் கிளம்பினால் இராமநாதரைத் தரிசித்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். நடந்தவர்களின் பாடு நமக்கு இல்லை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. பாதையின் சாட்சிகள் போகிற வேகம்தான் கவலை தருகிறது. சாலையை அகலப்படுத்தும்போது சுமைதாங்கிக் கல் ஜல்லியோடு ஜல்லியாகப் போகிறது. மடத்துச் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். தஞ்சைச் சத்திரங்களுக்காவது மாவட்ட ஆட்சியரின் கீழ் ஒரு நிர்வாகப் பிரிவு இருக்கிறது. இராமநாதபுரத்துக் கடற்கரையின் சிறு மடங்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே இந்தக் கரையில் இருப்பவர்களிடம், உப்பூர் முதல் பாம்பன் வரை வீடும் நிலமும் உள்ளவர்களிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய கிரயப் பத்திரங்களை எடுத்து நான்கெல்லையை மட்டும் ஒரு தரம் படியுங்கள். ‘சேது வழி’, ‘சத்திரத்துப் பாதை’, ‘மடத்துத் தோப்பு’ என்று ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஊர் எல்லையில் சுமைதாங்கி நின்றால் சுண்ணாம்பு அடிக்கும் முன் பக்கவாட்டில் எழுத்து இருக்கிறதா என்று ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். இருந்தால் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் வழி பற்றி அவர் சொல்லும் பழமொழியை ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். பெர்சிவலும் ஜென்சனும் விட்டுப்போன முகவரியை எழுத இன்னும் நேரம் இருக்கிறது.